மோட்டார் வண்டி வராத பாதைகளில் பிரான்ஸ் கிராமங்கள்: சைக்கிள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

பிரான்சின் கிராமப்புறத்தில் கார் தொந்தரவு இல்லாமல் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்ட முடியும். ஆனால் பயணத் திட்டம் போடுகிற பலர் ஒரே இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். வரைபடத்தில் பச்சைக் கோடு போட்ட நெடும்பாதை முழுவதும் சைக்கிளுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே இரண்டு வகைப் பாதைகள் உண்டு. ஒன்று 'வுவா வெர்த்'. இதில் மோட்டார் வண்டிக்குச் சட்டப்படி இடமில்லை. நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், சில இடங்களில் குதிரையில் வருபவர் மட்டுமே செல்லலாம். மற்றொன்று 'வேலோரூட்'. இது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் பயண வழி. வுவா வெர்த், ஆற்றங்கரைத் தடம், ஊர்ச் சாலை எல்லாவற்றையும் கோத்துக் கட்டியது. லுவார் ஆற்றை ஒட்டிய சுமார் 900 கிலோமீட்டர் வழி இதற்கு நல்ல உதாரணம். அழகில் குறையே இல்லை, ஆனால் அதில் கணிசமான தூரம் கார்களும் வரும் சிறு சாலைகள்தான்.

களத்தில் அடையாளம் காண்பது எளிது. நீலச் சதுரப் பலகையில் நடப்பவரும் சைக்கிளும் வெள்ளையில் வரையப்பட்டிருந்தால் அது வுவா வெர்த்தின் தொடக்கம். அதே பலகையின் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால் அது முடிந்துவிட்டது. அடுத்த வளைவில் டிராக்டரோ காரோ வரலாம். வெள்ளைப் பலகையில் பச்சைச் சைக்கிளும் ஊர்ப்பெயரும் இருந்தால் அது வழிகாட்டிப் பலகை மட்டுமே. கார் வராது என்று அது உறுதி சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை வீட்டிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால், குழந்தைகளோடு போகும்போது நடுவழியில் திகைக்க வேண்டியிருக்காது.

பாதையைப் பார்க்காதீர்கள், துண்டைப் பாருங்கள்

இந்தப் பாதைகளைப் பெரும்பாலும் அமைத்துப் பராமரிப்பவை 'தெபார்த்மான்' எனப்படும் மாவட்ட நிர்வாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி முன்னுரிமை. அதனால் ஒரே கால்வாயின் கரையில் மாவட்ட எல்லை வரை வழவழப்பான தார், எல்லையைத் தாண்டியதும் வேர் புடைத்த மண் தடம் என்று மாறுவது வழக்கம். 'இந்த வழி நன்றாக இருக்குமா' என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை, எந்த மாவட்டம், என்ன தளம் என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும்.

ஒரு துண்டை இப்படிச் சரிபாருங்கள். ஏ.எஃப்.3.வி. என்ற தேசியச் சங்கத்தின் தளத்தில் ஒவ்வொரு வுவா வெர்த்துக்கும் நீளம், தளத்தின் வகை, அணுகும் இடங்கள் எல்லாம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் சைக்கிளுக்கான அடுக்கைத் திறந்தால் தார் போட்ட தளமும் போடாத தளமும் பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டப்படும். சந்தேகமான இடத்தில், சாலை பாதையைக் கடக்கும் பாலத்தருகே எடுத்த தெருப்படங்களை இணையத்தில் பாருங்கள். பாதையின் நிறமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். கடைசியாக, கிளம்புவதற்கு முந்தின வாரம், கால்வாய் என்றால் நீர்வழி நிர்வாகமான வி.என்.எஃப்.பின் அறிவிப்பையும், பழைய ரயில் தடம் என்றால் மாவட்டத்தின் பணி அறிவிப்பையும் படியுங்கள். கரை சரிவு, மரம் வெட்டுதல், பாலப் பழுது ஆகியவற்றுக்காகப் பாதைகள் வாரக்கணக்கில் மூடப்படும். 'ரூட் பாரே' என்றால் வழி அடைப்பு, 'தெவியசியோன்' என்றால் மாற்றுவழி. மாற்றுவழியைக் காட்டாத அடைப்பும் உண்டு என்பதால், இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும்.

இரண்டு வுவா வெர்த்துகளை இணைக்கச் சாலையில் இறங்கத்தான் வேண்டும் என்றால், மிஷ்லின் சாலை வரைபடத்தில் வெள்ளையாகப் போட்டிருக்கும் சாலைகளைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பைத் தவிருங்கள், மஞ்சளில் காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிறவர்களின் வேகம் இருக்கும். ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். வெள்ளைச் சாலைகளில் அது பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது.

தளமும் டயரும்

மூன்று வகைத் தளங்களை அறிந்திருந்தால் போதும்.

தார்: 28 முதல் 32 மி.மீ. டயர் தாராளம். ரோலர் ஸ்கேட் ஓட்டுகிறவர்களும் வருவார்கள். முதல் பயணத்துக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறோம்.

'ஸ்தபிலிசே': பொடிக்கல்லையும் மணலையும் உருளை விட்டு இறுக்கிய தளம். காய்ந்திருக்கும்போது கிட்டத்தட்ட தார் போல ஓடும். மழை பெய்தால் மேல்தோல் குழைந்து டயரைப் பிடிக்கும். மணிக்கு 16 கி.மீ. போனவர் அதே உழைப்பில் 12 போவார். நுண்மணல் செயினுக்குள் போய் அரைக்கும், ரிம் பிரேக் கட்டைகள் வேகமாகத் தேயும். இதற்கு 35 மி.மீ.க்குக் குறையாத டயர், முழு நீள மட்கார்டு, ஈரநிலைக்கான செயின் எண்ணெய், ஒரு பழந்துணி தேவை. மழை நாள் முடிவில் செயினைத் துடைக்காமல் எண்ணெய் விட்டால் மணலைக் குழைத்துப் பூசியதாகவே ஆகும். முதலில் துடைத்து, பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு.

மண் தடம்: படகு இழுத்த விலங்குகள் நடந்த கரை. வேர், கல், ஒற்றையடிக் குழி எல்லாம் உண்டு. 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான டயர் வேண்டும். 75 கிலோ ஆள், 15 கிலோ சுமை என்றால் 40 மி.மீ. டயரில் பின்னால் 3.5 பார், முன்னால் 3 பார் அளவில் தொடங்கி, வேர்கள் மிகுந்த இடத்தில் அரை பார் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் வேரில் மோதும்போது டியூப் ரிம்முக்கு நடுவே நசுங்கி இரட்டைத் துளை விழும்.

பஞ்சருக்கு முள்தான் பெருங்காரணம். இலையுதிர்காலத்தில் கரையோர வேலிகளை இயந்திரத்தால் கத்தரிப்பார்கள். சிதறிய முட்கள் பாதை முழுக்கக் கிடக்கும். தெற்கே மத்தியதரைக் கடலை நெருங்க நெருங்க நம் ஊர் நெருஞ்சியே வரும், அதே செடி. ஓய்வுக்காகச் சைக்கிளைப் புல்லுக்குள் தள்ளிச் சாய்ப்பதைத் தவிருங்கள். டியூபை மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் சுற்றித் தடவி முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போகும். உயிருள்ள வேலியும் காய்ந்த முள்ளும் சேர்ந்த பகுதிக்குப் போகிறீர்கள் என்றால், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் சற்றுக் கனமானாலும் அந்த எடைக்குத் தகும்.

பையில் வைக்க வேண்டியவை: உங்கள் அளவில் இரண்டு டியூப், ஒட்டுப் பெட்டி, டயர் நெம்பி மூன்று, பம்ப், அலன் சாவித் தொகுப்பு, செயின் இணைப்புக் கண்ணி, பிரேக் கட்டை ஒரு ஜோடி, பிளாஸ்டிக் கட்டுகள் பத்து, எம்5 திருகு நான்கு. கடைசிப் பொருளை ஏளனம் செய்ய வேண்டாம். வேர்த்தடத்தின் அதிர்வில் முதலில் கழல்வது கேரியர் திருகு. அது விழுந்தால் பை சக்கரத்துக்குள் சாயும், ஸ்போக் கம்பிகள் ஒடியும். தினமும் மாலையில் 4 மி.மீ. சாவியால் நான்கு திருகுகளையும் முடுக்கிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. கிராமச் சைக்கிள் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமையோடு திங்கட்கிழமையும் மூடியிருக்கும். சனி மாலை ஒடிந்தால் செவ்வாய் காலைவரை காத்திருக்க நேரும்.

முதல் பயணம்: தென் பூர்கோஞ் வளையம்

பிரான்சின் முதல் வுவா வெர்த் 1997இல் சோன்-ஏ-லுவார் மாவட்டத்தில், ஜிவ்ரி முதல் க்ளூனி வரை, கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் திறக்கப்பட்டது. நீளம் 44 கி.மீ., தார். ரயில் இன்ஜின் செங்குத்தாக ஏறாது என்பதால் சரிவும் மென்மை. திராட்சைத் தோட்டம், மேய்ச்சல் நிலம், பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் எல்லாம் வழியில் வரும். இதை அடிப்படையாக வைத்து ஷாலோன்-சூர்-சோன் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் வளையம் ஒன்றை அமைக்கலாம். மொத்தம் சுமார் 140 கி.மீ., மூன்று நாள்.

முதல் நாள் ஷாலோன் ரயில் நிலையத்திலிருந்து ஜிவ்ரி வரை சுமார் 10 கி.மீ. இணைப்புப் பாதை, பிறகு பூசி, கோர்மத்தான் வழியாக க்ளூனி. கோர்மத்தானில் கோட்டை மாளிகை இருக்கிறது. மதியத்துக்கு அங்கே நிற்கலாம். க்ளூனி 910இல் நிறுவப்பட்ட மடாலயத்தின் ஊர். அதில் எஞ்சிய பகுதியைப் பார்க்க மாலை போதாது, மறுநாள் காலையும் ஒதுக்குங்கள்.

இரண்டாம் நாள் க்ளூனியிலிருந்து தெற்கே மாக்கோன் நோக்கிப் போகும்போது புவா க்ளேர் சுரங்கம் வரும். சுமார் 1.6 கி.மீ. நீளம். விளக்கு உண்டு, ஆனாலும் உங்கள் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும். கோடையிலும் உள்ளே குளிரடிக்கும், நுழையும் முன் மேல்சட்டை போடுங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காகச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது கணவாயின் மேலாக ஏறித்தான் கடக்க வேண்டும். சுமையோடு போனால் அது உண்மையான ஏற்றம். ஆகவே ஏப்ரல் பிற்பகுதிக்கும் செப்டம்பர் இறுதிக்கும் நடுவே வைத்துக்கொள்வது நல்லது. மாக்கோனில் சோன் ஆற்றைப் பிடித்து வடக்கே திரும்பினால் தூர்னு வரும். இரண்டாம் இரவுக்கு ஏற்ற ஊர். அந்த நாள் 60 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மூன்றாம் நாள் ஆற்றங்கரையிலேயே 30 கி.மீ. ஓட்டினால் ஷாலோன்.

சோன் சமவெளி ஆறு, வெள்ளம் வந்தால் மெல்ல வடியும். வசந்தத்தின் தொடக்கத்தில் ஆற்றங்கரைத் தடம் நீருக்குள் இருக்கலாம். அப்படியானால் மாக்கோனிலிருந்து ஷாலோனுக்கு டி.இ.ஆர். எனப்படும் பிராந்திய ரயில் இருக்கிறது, பயணம் கெட்டுப்போகாது.

நீண்ட பயணம்: போர்தோவிலிருந்து தூலூஸ்

ஐந்து நாள் கையில் இருந்தால் இதைவிட நல்ல வழி சொல்வது கடினம். மூன்று துண்டுகள்.

முதல் துண்டு லாப்பேபி பாதை. 1937ஆம் ஆண்டு தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தய வெற்றியாளர் ரொஜே லாப்பேபியின் பெயரால் அழைக்கப்படும் பழைய ரயில் தடம். போர்தோவிலிருந்து ஆற்றை ஒட்டி வெளியேறி லத்ரேன், க்ரெயோன் வழியாக சோவ்தேர்-தெ-குயேன் வரை சுமார் 55 கி.மீ. தார். மரநிழல் அடர்த்தி; அதனால் மழைக்குப் பின் இலைச் சேறு வழுக்கும். சில இடங்களில் வேர்கள் தாரைத் தூக்கியிருக்கும்.

இரண்டாம் துண்டு சோவ்தேரிலிருந்து லா ரெயோல் வழியாகக் கால்வாய்க்கு இறங்கும் 20 கி.மீ. அளவிலான ஊர்ச் சாலை. முழு வழியில் கார் வருகிற நீண்ட பகுதி இது ஒன்றுதான், மேடு பள்ளமும் உண்டு. வெள்ளைச் சாலைகளில் காலை ஒன்பதரைக்கு மேல் போனால் அமைதியாக இருக்கும்.

மூன்றாம் துண்டு கரோன் கால்வாய். மொத்த நீளம் 193 கி.மீ., படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுகள் 53. கடல்பக்க முனையிலிருந்து தூலூஸ் வரை ஏற்றம் 130 மீட்டருக்குள். அதுவும் மதகுக்கு மதகு சிறு மேடாகப் பிரிந்துவிடுகிறது. தளம் தார். ஃபோன்தேயில் கால்வாயைச் சேர்ந்து, லெ மாஸ்-தாஜ்னே, அஜான், முவாசாக் ஆகிய ஊர்களில் தங்கினால் நாள்கள் ஏறத்தாழ 45 முதல் 65 கி.மீ. அமையும். அஜானில் கால்வாயே 23 வளைவுகள் கொண்ட 539 மீட்டர் கல்பாலத்தின் மேல் ஏறி கரோன் ஆற்றைக் கடக்கிறது. பக்கத்துத் தடம் குறுகல், கூட்டமிருந்தால் இறங்கித் தள்ளுங்கள். லெ மாஸ்-தாஜ்னே ஊர்த் தேவாலயத்தில் ரெம்ப்ராண்ட் 1631இல் வரைந்த ஓவியம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. முவாசாக் மடாலயத்தின் வாயிற்சிற்பத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

ஏன் போர்தோவில் தொடங்கச் சொல்கிறோம் என்றால், இந்தப் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து வரும் காற்றே அதிகம். கரைநெடுக மரங்கள் இருந்தாலும் எதிர்காற்றில் ஐந்து நாள் ஓட்டுவது வீண் உழைப்பு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தூலூஸை நெருங்கும்போது தென்கிழக்கிலிருந்து 'ஓத்தான்' காற்று எழுந்தால் பல நாள் ஓயாமல் வீசும். வானிலை அறிக்கையில் அது தெரிந்தால் கடைசி நாளைச் சுருக்கி ரயில் ஏறுவதே புத்திசாலித்தனம். இந்த வழியின் பெரும் வசதியும் அதுதான். போர்தோ–தூலூஸ் ரயில் பாதை கால்வாயை ஒட்டியே போகிறது. லா ரெயோல், மர்மாந்த், அஜான், முவாசாக் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், ஏறலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓட்டுகிறவர்களுக்கும் இந்தத் துணை மிகப் பெரிது.

தூலூஸைத் தாண்டி மிதி கால்வாயில் மத்தியதரைக் கடல் வரை போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். போகலாம், ஆனால் அது வேறு பயணம். 1681இல் முடிந்த இந்த 240 கி.மீ. கால்வாய் 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தூலூஸிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ., ஓத்-கரோன் மாவட்ட எல்லை வரை, தார். அங்கே நோரூஸ் என்ற நீர்பிரி மேட்டை ஒட்டி ஓத் மாவட்டம் தொடங்குகிறது, தார் முடிகிறது. சில பகுதிகளைச் சீராக்கியிருந்தாலும் கஸ்தெல்நோதாரி, கார்காசோன் வழியாகப் போகும் தடத்தில் வேரும் கல்லும் எதிர்பார்த்தே போக வேண்டும். மெல்லிய டயரோடு இங்கே வந்தவர்கள் கார்காசோனில் ரயில் ஏறுவது அடிக்கடி நடக்கிறது. நாளுக்கு 40 கி.மீ.க்கு மேல் திட்டமிடாதீர்கள். நிழலையும் நம்பாதீர்கள்: 2006 முதல் பரவிய பூஞ்சை நோயால் கரையின் பிளேன் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டன, புது நாற்றுகள் நிழல் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் இந்த மொட்டைப் பகுதிகள் ஆளை வாட்டும்.

வேறு சில நல்ல துண்டுகள்

நோர்மாந்தியில் தியெப் அருகே ஆர்க்-லா-பத்தாயிலிருந்து ஃபோர்ஜ்-லெ-ஸோ வரை சுமார் 45 கி.மீ. தார் போட்ட ரயில் தடம். 'பச்சை வழி' எனப்படும் லண்டன்–பாரிஸ் சைக்கிள் வழியின் மிகச் சிறந்த பகுதி. தியெப்பில் ரயிலும் கப்பலும் உண்டு, மறுமுனையில் அருகிலேயே செர்க்கே ரயில் நிலையம். வார இறுதிக்குப் பொருத்தம்.

மயேன் ஆற்றின் இழுவைக் கரை, மயேன் ஊரிலிருந்து தாவோன் வரை சுமார் 85 கி.மீ., ஸ்தபிலிசே. நடுவில் லவால் நகருக்கு டி.ஜி.வி. எனப்படும் அதிவேக ரயில் வருகிறது. ஒவ்வொரு மதகுக் காவலர் வீட்டருகிலும் உட்காரப் புல்வெளி. குழந்தைகள் தாமே ஓட்டுகிற குடும்பங்களுக்கு இதையே முதலில் சொல்வோம்.

பிரெத்தாஞ்சில் நான்த்–ப்ரெஸ்த் கால்வாய், 364 கி.மீ. கரை முழுவதும் கிட்டத்தட்ட வண்டி வராத தடம், பெரும்பாலும் ஸ்தபிலிசே. ரெதோன், மாலெத்ருவா, ஜோஸ்லான், போன்திவி என்று ஊர்கள் சீரான இடைவெளியில் வரும். கெர்லேதான் அணை கால்வாயைத் துண்டித்துவிட்டதால் அங்கே மூரிலிருந்து குவாரெக் வரை பழைய ரயில் தடத்தில் போக வேண்டும். ஏரிக்கரை வழி என்று வரைபடம் காட்டும் காட்டுத்தடத்தில் சுமையோடு நுழையாதீர்கள். மழை இங்கே எந்த மாதத்திலும் வரும்.

தெற்கே மாசமே முதல் பெதாரியே வரை மலையடிவாரத்தில் ஓடும் 'பாசா பயீஸ்', 80 கி.மீ.க்குள். பொடிக்கல், பாலங்கள், சுரங்கங்கள். இரு முனையிலும் ரயில் நிலையம் இருப்பதால் திரும்பி ஓட்ட வேண்டியதில்லை. முன்விளக்கு கட்டாயம்.

பாரிஸ் பகுதியில் இருக்கும் தமிழர்கள் சுமையோடு ஓட்டிப் பழக நெடுந்தூரம் போகத் தேவையில்லை. தமிழர் கடைத்தெருவான லாச்சப்பலிலிருந்து நடக்கும் தொலைவில் லா வில்லெத். அங்கே தொடங்கும் 'ஊர்க்' (Ourcq) என்ற கால்வாயின் கரைப் பாதை பாந்தான், போபினி, போன்தி வழியாக க்ளே-சூயி வரை ஏறத்தாழ 30 கி.மீ. போகிறது. பைகளை முழுதாகக் கட்டிக்கொண்டு ஒருமுறை போய்வந்தால் சீட்டின் உயரமும் கேரியரின் உறுதியும் தெரிந்துவிடும்.

ரயிலில் ஏற்றுவது

டி.இ.ஆர். ரயில்களில் சைக்கிள் பெரும்பாலும் இலவசம். ஆனால் விதிகளை ஒவ்வொரு பிராந்தியமும் தனியாக வகுக்கிறது. கோடையில் சில வழித்தடங்களில் முன்பதிவு வேண்டும், இடம் குறைவு. டி.ஜி.வி.யில் முழுச் சைக்கிளுக்கு இடம் இருக்கும் ரயில்கள் சில மட்டுமே. கட்டணம் 10 யூரோ அளவில், பயணச்சீட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும். கழற்றி 130×90 செ.மீ. உறைக்குள் அடக்கினால் சாமானாக ஏற்றலாம். நடைமேடையில் ரயில் வருவதற்கு முன்பே பைகளைக் கழற்றி வையுங்கள். பல பெட்டிகளில் முன்சக்கரத்தைக் கொக்கியில் தொங்கவிட வேண்டும். பையோடு அது நடக்காது.

சாப்பாடு, தண்ணீர், படுக்கை

கால்வாய்க்கரை ஊர்களைத் தொடாமல் போகும் என்பதை மறந்தால் பசியோடுதான் ஓட்ட வேண்டும். கிராமக் கடைகள் மதியம் பன்னிரண்டரைக்கு மூடிப் பிற்பகல் மூன்று மணியளவில்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பெரும்பாலும் அடைப்பு. உணவகத்தில் மதியச் சமையல் 12 முதல் 2 வரை மட்டுமே. இரண்டேகாலுக்குப் போனால் காபிதான் கிடைக்கும். மே மாதத்தில் விடுமுறைகள் அடுத்தடுத்து வரும்: 1, 8, அதோடு இயேசுவின் விண்ணேற்ற விழா வியாழன். எப்போதும் ஒரு வேளை உணவு பையில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கிராம உணவகத்தின் அன்றைய தட்டை நம்பாமல், காலையிலேயே ரொட்டிக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் வாங்கிக்கொள்வது நல்லது. டப்பாவில் அடைத்த பயறும் கொண்டைக்கடலையும் எல்லா அங்காடியிலும் கிடைக்கும்.

தண்ணீருக்கு அங்குள்ள சைக்கிள்காரர்கள் எல்லாரும் அறிந்த இடம் ஊர்க் கல்லறை. பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். 'நோன் போத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. வறட்சியில் சில ஊர்களில் குழாயை மூடிவிடுவார்கள். அப்போது காபிக் கடையில் கேளுங்கள். கேட்பதற்கு முன் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அது இல்லாமல் கேட்டால் மரியாதையின்மையாகவே எடுத்துக்கொள்வார்கள். கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொள்ளளவு இருக்க வேண்டும்.

தங்க 'அக்கேய் வேலோ' என்ற பலகை உள்ள இடங்களைத் தேடுங்கள். பயண வழியிலிருந்து 5 கி.மீ.க்குள் இருப்பவை, பூட்டி வைக்கச் சைக்கிள் அறையும் பழுதுக் கருவிகளும் வைத்திருக்க வேண்டும். கூடாரம் வைத்திருப்பவர்களுக்கு ஊராட்சி நடத்தும் முகாம்கள் மலிவு. பல முகாம்கள் மே முதல் செப்டம்பர் வரை மட்டுமே திறந்திருக்கும். கால்வாய்க்கரையில் கூடாரம் அடிக்க அனுமதி கிடையாது.

உடம்பும் விதிகளும்

சமதளப் பாதை எளிது என்று நினைப்பது பாதி உண்மைதான். இறக்கமே இல்லாததால் மிதிப்பதை நிறுத்த வாய்ப்பே வராது. ஒரே கோணத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். இருக்கை வலி, விரல் மரத்தல், கழுத்துப் பிடிப்பு எல்லாம் மலையேறுபவர்களைவிடக் கால்வாய்க்காரர்களுக்கே அதிகம். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நில்லுங்கள், ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள், அவ்வப்போது நின்றபடி மிதியுங்கள். நாளுக்கு தாரில் 60, ஸ்தபிலிசேயில் 50 கி.மீ. என்பது பார்க்க வேண்டியதைப் பார்க்க நேரம் விடும் அளவு.

பாதையில் ஆபத்து இருப்பது சாலை குறுக்கிடும் இடங்களில். அங்கே பெரும்பாலும் முன்னுரிமை காருக்குத்தான். நின்று பார்த்துக் கடக்க வேண்டும். கார் நுழையாமல் தடுக்க நட்ட கட்டைகளும் வளைவுத் தடுப்புகளும் நிழலில் கண்ணுக்குத் தெரியாது. வேகத்தைக் குறைத்து நெருங்குங்கள். குழந்தை வண்டி இழுக்கிறவர்கள் சில தடுப்புகளில் அதைக் கழற்ற வேண்டிவரும். தாழ்ந்த பாலங்களுக்குக் கீழே கரை குறுகும். எதிரே ஆள் வருகிறாரா என்று மணியடித்துவிட்டு நுழையுங்கள். கால்வாயின் சுவர் செங்குத்து, வழுக்கும். விழுந்தவர் தானாக ஏறுவது சிரமம். சிறு குழந்தைகள் நீர் இல்லாத பக்கமாகவே ஓட்டட்டும்.

மணியும் விளக்கும் சட்டப்படி வேண்டும். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலும் மூடுபனியிலும் ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும். காதுக்கருவி போட்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். காடு சூழ்ந்த ரயில் தடங்களில், குறிப்பாக ஞாயிறுகளில், ஆரஞ்சோ மஞ்சளோ அணிந்து செல்லுங்கள். அவசரத்துக்கு 112. எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல, கடைசியாகக் கடந்த மதகு வீட்டின் பெயர்ப்பலகையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; கால்வாய்க்கரையில் தெருப்பெயர் கிடையாது, மீட்புக்குழுவுக்கு அந்தப் பெயரே முகவரி.